கல்முனைக் கரையிற் கழிவு பிரித்தல்: வழக்கமும் சட்டமும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருவீதியிற் பயணஞ் செய்வோர்க்கு ஓரூர் முடிந்து மற்றோரூர் தொடங்கும் இடம் எளிதிற் புலப்படுவதில்லை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களுந் தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. கிழக்கே வங்கக் கடல். மேற்கே களப்பின் கிளைகளும், அவற்றையடுத்து விரிந்து கிடக்கும் நெல்வயல்களும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலேயே வீடு, கடை, சந்தை, பள்ளிவாசல், கோயில், பாடசாலை யாவும் அமைந்துள்ளன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கல்முனை மாநகர எல்லைக்குள் வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். மணலை ஒருவர் ஆழத்துக்குத் தோண்டுமுன்னரே நீர் ஊறும் நிலம் இது. ஆகவே இந்நிலத்திற் குப்பையைப் புதைப்பவன் தன் அயலான் கிணற்றிற் புதைப்பவனாவான்.

இக்கரையோர நகரங்களின் வணிகர்மீது கடந்த சில ஆண்டுகளாக விதிகள் பல அடுத்தடுத்து வந்துள்ளன. கழிவை வகை பிரித்து வை என்பது ஒன்று; இன்ன பொருளை விற்காதே என்பது மற்றொன்று; திறந்த வெளியில் எரிக்காதே என்பது பிறிதொன்று. இவை யாவும் மேனாட்டிலிருந்து புதிதாக வந்திறங்கிய கருத்துகளென எண்ணுவோர் உளர். வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து அவ்வெண்ணம் பொருந்தாமை தெளிவாகும். கழிவைப் பிரித்தல் எக்காலத்தும் நிகழ்ந்தே வந்தது. அதனை யார் கை செய்தது, எவ்விடத்திற் செய்தது என்பனவே காலந்தோறும் மாறி வந்தன. புதிய விதிகளின் உட்பொருளும் இதுவே: குப்பைமேட்டிற் பிரித்த கையின் வேலையைக் கடை வாயிலிற் பிரிக்கும் கைக்கு அவை மாற்றுகின்றன.

பண்டைய நூல்கள் நகரத் தூய்மையை இருவகையாக நோக்கின. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நகர அதிகாரியின் கடமைகளைக் கூறுமிடத்தில், வீதியிற் புழுதி கொட்டுபவனுக்குப் பணத்தில் எட்டில் ஒரு பங்கும், சேற்றுநீர் தேங்கச் செய்பவனுக்குக் காற்பணமும் தண்டமாக விதிக்கிறது. இங்குப் பொறுப்பு கழிவை உண்டாக்கியவனைச் சாருகிறது. மகாவம்சமோ, பண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தை அமைத்த காலை நகரைத் துப்புரவு செய்ய ஐந்நூறு சண்டாளரையும், கழிவுநீர்க் கால்களைத் தூய்மை செய்ய இருநூறு சண்டாளரையும் நியமித்தான் என்று உரைக்கிறது. இங்குப் பொறுப்பு ஒரு சாதியின் தலையில் ஏற்றப்படுகிறது. இவ்விரண்டு முறைகளுள் இலங்கையின் நகரங்கள் நெடுங்காலம் பின்பற்றியது இரண்டாவதையே.

ஆயினும், கல்முனைக் கரையின் ஊர்கள் அக்காலத்து நகரங்களல்ல. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று எனப் பற்றுகளாக வகுக்கப்பட்டிருந்த வேளாண் ஊர்களும் மீன்பிடி ஊர்களுமே அவை. அங்குக் கழிவென்று தனியே ஒரு பொருள் இருந்ததெனக் கூறுவது அரிது. நெற்குற்றிய உமி நெல்லவிக்கும் அடுப்புக்கு எரிபொருளாயிற்று. தவிடு மாட்டுக்குப் போயிற்று. மீனின் தலையுங் குடலுந் தென்னையடியிற் புதைந்தன. சிரட்டை அகப்பையாயிற்று, உடைந்த சிரட்டை கரியாயிற்று. எருமைத் தயிர் வந்த முட்டி மீண்டும் முட்டியாகவே பயன்பட்டது. மீன் வாங்கச் சென்றவர் பனையோலையால் இழைத்த உமலைக் கையிற் கொண்டு சென்றார். சோறு வாழையிலையிலோ தாமரையிலையிலோ பொதியப்பட்டது. உண்டபின் இலையை ஆடு தின்றது. மருதமுனையின் கைத்தறிகளில் எஞ்சிய நூற்கழிவுக்குங்கூட ஏதேனுமொரு பயன் கண்டனர். வழியிற் கிடந்து பிறரை வருத்தும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கொள்ளும் நபிமொழியைச் சிறுவரும் அறிந்திருந்த ஊர்கள் இவை. வாயிலைப் பெருக்கித் தெளித்துக் கோலமிடுவதை நாளின் முதற் கடமையாகக் கொண்ட தமிழ் ஊர்கள் இவற்றுக்கு அயலூர்கள்.

இதனைப் பொற்காலமென்று புகழ்தல் கூடாது. நெருக்கடியான குடியிருப்புகளில் வாந்திபேதியுஞ் சுரமும் பரவியதும் அக்காலத்திலேதான். ஆனால், ஒவ்வொரு கழிவுக்கும் அதனை வேண்டிநின்ற ஒருவர் இருந்தமையால் அவற்றை ஒன்றாகக் கலக்கும் வழக்கம் எழவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பிற்காலத்துப் பழைய போத்தல், பழைய இரும்பு, பழைய கடதாசி வாங்கத் தெருத்தெருவாக வந்த வியாபாரியும் இம்மரபின் தொடர்ச்சியே.

ஆங்கிலேயர் ஆட்சியிற் சட்டம் வந்தது. 1862 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டம் வீதியில் அழுக்கெறிதலைக் குற்றமாக்கியது. 1865 ஆம் ஆண்டின் மாநகர சபைச் சட்டம் பெருநகரங்களுக்காக வந்தது. சிறு நகரங்களுக்கெனச் சுகாதார சபைகளை ஏற்படுத்தும் சட்டம் 1892 இல் இயற்றப்பட்டது. காரைதீவிற் சுவாமி விபுலானந்தர் பிறந்ததும் அவ்வாண்டிலே என்பது இக்கரையாருக்கு ஓர் இனிய நினைவு. பின்னர் 1939 ஆம் ஆண்டின் நகர சபைகள் சட்டம், 1946 ஆம் ஆண்டின் பட்டின சபைகள் சட்டம், 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் சட்டம், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கல்முனை 2001 இல் மாநகரமாயிற்று.

இவற்றுள் இன்றும் நடைமுறையிலுள்ள மூன்று சட்டங்களும் குப்பையைப் பற்றி ஏறக்குறைய ஒரே மொழியிற் பேசுகின்றன. வீதியைப் பெருக்குவதும், வீட்டுக் குப்பையையும் மலக்கழிவையும் அகற்றுவதுஞ் சபையின் கடமை. அவ்வாறு சேகரிக்கப்பட்டவை சபையின் உடைமை. அவற்றை விற்கவோ வேறு வகையில் அகற்றவோ சபைக்கே அதிகாரம். அக்காலத்துச் சுகாதார நிலையை எண்ணுமிடத்து இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்வாசகத்தில் ஒரு நுட்பம் உண்டு. சபையின் உடைமையாவது ‘சேகரிக்கப்பட்ட’ குப்பை மாத்திரமே; சேகரிக்கப்படுமுன் அது யாருடையது என்பதைச் சட்டம் விரித்துரைக்கவில்லை. கடைக்காரரோ தமக்கு ஏற்றவாறு அதற்கு விடை கண்டனர். கடையின் படியைத் தாண்டியதும் குப்பை தம்முடையதன்று என்பதே அவ்விடை. முன்னாளில் உமிக்கும் சிரட்டைக்கும் போத்தலுக்கும் உடையவராயிருந்தவர் இப்போது பெயரற்ற ஒரு குவியலுக்கு அயலாராயினர்.

அக்குவியலைத் தொட்டவர் யார்? ஆங்கிலேயர் காலத்தில் மட்டக்களப்பு முதலிய இலங்கை நகரங்களின் துப்புரவு வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து தாழ்த்தப்பட்ட சாதியினர் கொண்டுவரப்பட்டனர். நகருக்குள்ளேயே ஒதுக்கிய வரிசை வீடுகளில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவழியினரை நாடற்றோராக்கியபோது, நகரின் அழுக்கைச் சுமந்த இவர்களுட் பலரும் அந்நகரின் குடிகளல்லர் என்றாயினர். அக்குறை முற்றாக நீங்குவதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சைவத்தையும் தமிழையும் வளர்த்த நகரங்கள் இவ்வரலாற்றை எழுதுவதிற் காட்டிய தயக்கம் பெரிது. பிரித்தல் என்னும் வேலை அக்காலத்திலும் நின்றுவிடவில்லை. கலந்து கொட்டப்பட்டதை வண்டியிலும் மேட்டிலும் நின்று வெறுங்கையாற் பிரித்தவர்கள் இவர்களும், இவர்களுக்குப் பின்வந்த ஏழைத் தொழிலாளருமே. உடைந்த கண்ணாடியும் மீன்முள்ளும் அழுகிய சோறும் ஒரே கூடையில் வந்தால் கையை அறுப்பது எது என்பதை அவர்களைக் கேட்டறிய வேண்டும்.

1977 இற்குப் பின் இறக்குமதி தாராளமாயிற்று. அதன் பின்வந்த ஆண்டுகளிற் பொலித்தீன் பை உமலின் இடத்தையும், பொலித்தீன் தாள் வாழையிலையின் இடத்தையும் பற்றிக்கொண்டன. இம்மாற்றம் கல்முனைக் கடைத்தெருவை ஒத்த இடங்களில் மிக விரைவாக நிகழ்ந்தது. கல்முனை ஒரு சந்தை நகரம். சுற்றியுள்ள ஊரவர் புடைவைக்கும் நகைக்கும் மருந்துக்கும் இங்குவந்து கூடுவர். கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவும் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும் பெருங்கூட்டத்தைச் சேர்ப்பன. புதிய பொருளோ யாருக்கும் வேண்டாத பொருள். ஆடு தின்றால் ஆடு சாகும், புதைத்தால் மக்காது, எரித்தால் நஞ்சு. வாங்குபவனில்லாத கழிவு இக்கரையின் வரலாற்றில் முதன்முறையாகப் பெருகியது. இலங்கை நகரங்களின் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது இன்றும் மக்கத்தக்க பொருளே. ஆனால் அம்மக்கத்தக்க பாதியைப் பொலித்தீன் பையில் இட்டு முடிச்சுப்போட்டுக் கொடுக்கும் வழக்கம் பரவியபின், பசளையாகத்தக்கதும் பசளையாகாதாயிற்று. பிரித்தலின் தேவை இங்கேதான் பிறக்கிறது. கலப்பு ஒன்றே இரு நல்ல பொருள்களையும் கெடுக்கிறது: சோறு பட்ட கடதாசியை எவரும் வாங்கார், பொலித்தீன் கலந்த பசளையை எந்தக் கமக்காரனும் வயலில் இடான்.

2004 திசெம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையிலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடிழந்தோரின் துயருக்கு முன் இடிபாடுகளைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த இடிபாடுகளை எங்கே கொண்டு சேர்ப்பது என்ற வினாவோடுதான் இக்கரையின் கழிவுப் பிரச்சினை நாட்டின் கவனத்துக்கு வந்தது. உதவியாக வந்த நிதியுள் ஒரு பகுதி கழிவு முகாமைக்கும் பயன்பட்டது. அட்டாளைச்சேனைப் பகுதியின் உள்நிலத்திலுள்ள பள்ளக்காட்டில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008 இல் ஒரு கழிவு நிலையம் அமைக்கப்பட்டது. சுற்றிலுமுள்ள ஊர்களின் குப்பை அங்குச் சென்றது. கல்முனையின் குப்பை வண்டிகளும் நிந்தவூரையும் ஒலுவிலையும் கடந்து அவ்விடம் சென்று வந்தன.

பள்ளக்காட்டின் கதை பரவலாக அறியப்பட்டது 2022 சனவரியில். இரண்டு யானைகள் அங்கு இறந்து கிடந்தன. அதற்கு முந்திய எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அக்குப்பையிலுள்ள பிளாத்திக்கைத் தின்று இறந்தனவென அப்போது செய்தி வெளியாயிற்று. இறந்த யானைகளின் வயிற்றிற் பொலித்தீனும் உணவுப் பொதித்தாளும் பிற சீரணியாப் பொருள்களும் நீருமே காணப்பட்டன. யானைக்குரிய உணவு காணப்படவில்லை. நிலையத்தைச் சூழ்ந்த மின்வேலி 2014 இல் இடி விழுந்து பழுதாகியது, அது திருத்தப்படவில்லை. ஒன்பது ஊர்களின் குப்பை அங்குக் கொட்டப்பட்டும் மீள்சுழற்சி நடைபெறவில்லை. காட்டுவிலங்கு வாழிடங்களை அண்டிய குப்பைமேடுகள் நாட்டில் 54 என்றும், அவற்றை நாடித் திரியும் யானைகள் ஏறத்தாழ 300 என்றும் 2017 ஆம் ஆண்டளவிற் கணக்கிடப்பட்டிருந்தது.

யானை ஏன் பொலித்தீனைத் தின்கிறது என்று வினவுதல் வேண்டும். பொலித்தீனின் சுவைக்காகவன்று, அதனுள் முடிந்திருக்கும் சோற்றுக்காகவே. சாப்பாட்டுக் கடையொன்றிற் சோற்றுக்கென ஒரு வாளியும் பொதித்தாளுக்கென ஒரு பெட்டியும் வைக்கப்பட்டிருப்பின், அந்தச் சோறு பள்ளக்காடு வரை பயணஞ் செய்திராது. வேலியைத் திருத்துவது ஒரு வழி. ஆனால் யானையை அழைக்கும் மணம் புறப்படுமிடம் கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களின் கடைத்தெரு. காட்டுக்கும் கடைக்கும் உள்ள இத்தொடர்பைக் கண்டுகொள்ளாத எந்த ஏற்பாடும் மேட்டின் இடத்தை மாற்றுமேயன்றி மேட்டை மாற்றாது.

இனி விதிகளை நோக்குவோம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையை உண்டாக்கியது. அச்சட்டத்தின்கீழ் 20 மைக்கிரனிலும் மெல்லிய பொலித்தீன் 2007 முதல் விலக்கப்பட்டது. 2009 நவம்பரில் வெளிவந்த வர்த்தமானி, உள்ளூராட்சி மன்றம் குறித்த இடமன்றி வேறெங்கும் நகரக் கழிவைக் கொட்டலாகாதென்றது. 2016 நவம்பர் 1 முதல் வகை பிரிக்கப்பட்ட கழிவை மாத்திரமே உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. வண்ணங்களும் வகுக்கப்பட்டன: மக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாத்திக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். 2017 ஏப்பிரல் 14 ஆம் நாள், புத்தாண்டு தினத்தில், கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செத்தெம்பர் 1 ஆம் நாளின் வர்த்தமானிகள் பொலித்தீன் உணவுத் தாளையும் நுரைப்பெட்டியையும் திறந்த வெளியில் எரித்தலையுந் தடுத்தன.

இவ்வரிசையில் வணிகருக்குக் கற்பிக்கத்தக்கது 2016 ஆம் ஆண்டின் அறிவிப்பே. நாள் குறிக்கப்பட்டது, ஆயத்தம் குறிக்கப்படவில்லை. பிரித்துக் கொடுத்தவர் தம் கண்முன்னே ஒரே வண்டியில் யாவும் மீண்டுங் கலக்கப்படுவதைக் கண்டனர் என்பது நாட்டின் பல ஊர்களிலும் எழுந்த முறையீடு. ஒருமுறை அவ்வாறு கண்ட கடைக்காரர் மறுமுறை பிரிப்பதற்கு மனங்கொள்ளார். அவரைச் சோம்பலுடையவர் என்று பழிப்பது எளிது, நியாயமன்று.

இத்தகைய தோல்வியும் புதியதன்று. பிரான்சின் தலைநகராகிய பாரிசில் 1883–1884 இல் இயூசேன் பூபெல் என்னும் ஆட்சியதிகாரி, ஒவ்வொரு கட்டடத்திலும் மூன்று பாத்திரங்கள் வைக்க ஆணையிட்டார்: அழுகுவன ஒன்றில், கடதாசியுங் கந்தையும் ஒன்றில், கண்ணாடியும் மட்பாண்ட ஓடுஞ் சிப்பியோடும் ஒன்றில். பாத்திரத்துக்குப் பணஞ் செலவிட வேண்டிய வீட்டுடையார் முணுமுணுத்தனர். குப்பையைக் கிளறிக் கந்தை பொறுக்கி வாழ்ந்த ஏழைகள் தம் பிழைப்புப் போயிற்றென்று கிளர்ந்தனர். அவர்களை அழைத்து வேலை கொடுக்கும் எண்ணம் ஆணையில் இருக்கவில்லை. முடிவில் மூன்றாகப் பிரித்தல் வழக்கொழிந்தது. பாத்திரம் மாத்திரம் நிலைத்து அவர் பெயரையே பெற்றது. இன்றும் பிரெஞ்சு மொழியிற் குப்பைத்தொட்டிக்குப் பெயர் பூபெல்.

நியூயோர்க்கில் 1895 இல் வீதித் துப்புரவுத் தலைவரான சோர்ச் வாறிங் வேறு வழி சென்றார். சாம்பல், உணவுக் கழிவு, உலர்ந்த பொருள் என மூன்றாகப் பிரிக்கச் செய்ததோடு, ஒவ்வொன்றும் போய்ச் சேருமிடத்தையும் ஏற்படுத்தினார். உலர்ந்தவற்றிலிருந்து கடதாசியுங் கந்தையும் பொறுக்கி விற்கப்பட்டன. சிறுவர் சங்கங்கள் அமைத்து வீடுகளுக்குள் அறிவைக் கொண்டு சென்றார். யாவற்றுக்கும் மேலாக, இகழப்பட்ட துப்புரவுத் தொழிலாளருக்கு வெண்சீருடை அணிவித்து, 1896 இல் நகரின் பெருவீதியிற் படைவீரர்போல் அணிவகுக்கச் செய்தார். அழுக்கைத் தொடுபவனுக்கு வெள்ளாடை என்பது வியத்தற்குரிய கருத்து. 1898 இல் நகராட்சி மாறியபின் அவர் ஏற்பாடு தளர்ந்துபோயிற்று. ஆயினும் அவர் இருந்த மூன்றாண்டுகளிற் பிரித்தல் நடைபெற்றது.

அண்மைக் காலத்தில் வேலைத்தலங்களுக்கென்றே விதி செய்த நாடுகளுள் இசுக்கொத்துலாந்து 2014 சனவரியிலும், வேல்சு 2024 ஏப்பிரலிலும் அதனை நடைமுறைப்படுத்தின. இங்கிலாந்து 2025 மார்ச் 31 முதல் தொடங்கியது. அங்கு உணவுக் கழிவும், கடதாசியும், பிளாத்திக்கு, உலோகம், கண்ணாடி ஆகியனவும் எஞ்சிய குப்பையிலிருந்து பிரிக்கப்படல் வேண்டும். ஆயினும் முழுநேரப் பணியாளர் பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனங்களுக்கு 2027 மார்ச் 31 வரை தவணை கொடுக்கப்பட்டது. கல்முனையை எண்ணுவோர் கருத்திற் கொள்ள வேண்டிய ஏற்பாடு இதுவே. முதலாளியும், அவர் மகனும், ஒரு சிப்பந்தியுமாக நடக்கும் கடைகள் நிறைந்த தெருவில் ஐந்து வண்ணப் பெட்டிகளுக்கு இடமேது? நடைபாதையில் வைத்தால் அதுவே வேறொரு குற்றமாகும்.

எனவே வணிகரை ஆயத்தப்படுத்தல் என்பது துண்டுப் பிரசுரம் வழங்குவதோடு முடிவதன்று. ஒவ்வொரு தொழிலின் கழிவும் வெவ்வேறு இயல்பினது. புடைவைக் கடையில் வெளிவருவது அட்டைப் பெட்டியும் தெளிந்த பொலித்தீன் உறையும். இரண்டும் உலர்ந்தவை, இரண்டும் விலைபோவன. அங்குப் பச்சைப் பெட்டிக்கு வேலையே இல்லை. சாப்பாட்டுக் கடையின் பெரும்பகுதி ஈரமானது. நாளொன்றுக்கு 10 கிலோ கழிவு தரும் கடையொன்றில் 7 கிலோ சோறுங் கறியும் காய்கறித் தோலும் என்று கொள்வோமாயின், அவ்வேழு கிலோவிலும் பெரும்பங்கு வெறும் நீர். அந்நீரையே எரிபொருள் செலவிட்டு வண்டிகள் காட்டுக்குச் சுமக்கின்றன. அக்கடைக்கு வேண்டியது மூடியுள்ள ஒரு வாளியும், அதனை அன்றன்றே எடுத்துச் செல்பவரும். மீன் கடையுங் கோழிக் கடையும் ஓர் இரவுகூடப் பொறா. அவற்றுக்கு நாட்கணக்கன்று, மணிக்கணக்கே தவணை. ஹஜ்ஜுப் பெருநாட் காலத்தில் உழ்ஹிய்யாவின் எலும்புங் குடலும் ஓரிரு நாளிற் குவிவதால் அதற்குத் தனி ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். இளநீர்க் கடையின் கோம்பையையும் வெற்றுத் தயிர்க் கோப்பையையும் நுளம்பின் தொட்டில்கள் என்றே சொல்லலாம். நாடெங்கும் 1,86,000 பேரைத் தெங்குக் காய்ச்சல் வருத்திய 2017 ஐ எவரும் மறந்திருக்கமாட்டார். பழுதுபட்ட மின்குமிழும் மின்கலமும் விற்பவர் கடைக்கே திரும்பி வருதல் தக்கது. அரிசி ஆலையின் உமிக்கோ ஆலோசனை எதுவும் வேண்டியதில்லை. அதற்கு என்றும் ஆள் உண்டு.

இவற்றையெல்லாம் கடைக்காரர் தாமே அறிவர். ஒரு கிழமை தம் கழிவை நிறுத்துப் பார்த்தால் எவ்வகை எவ்வளவு என்பது எந்த அதிகாரியும் சொல்லாமலே விளங்கும். அவர் அறியாதது ஒன்றே: பிரித்து வைத்ததை எந்த நாளில் யார் கொண்டு செல்வார் என்பது. ஈரக் கழிவுக்கு நாள்தோறும் ஒரு வண்டி, உலர்ந்ததற்குக் கிழமையில் ஒரு நாள் என்று வகுத்து, அந்நாள் தவறாமல் வண்டி வந்தால், ஐந்து பெட்டிகளுக்குப் பதில் இரண்டே போதும். நுண்ணிய பிரிப்பைப் பழைய பொருள் வாங்குவோர் சேகரிப்பிடத்திற் செய்துகொள்வர். பாரிசு செய்த பிழை இங்கு நேராதிருக்க, அவ்வியாபாரிகள் பகைவராகவன்றிப் பங்காளராக எண்ணப்படல் வேண்டும். ஆண்டுதோறும் சபை வழங்கும் வியாபார அனுமதிப்பத்திரமே இவ்வாயத்தத்துக்குச் சிறந்த கருவி. அதனைப் புதுப்பிக்க வருபவரிடம், உம் கழிவு எத்தனை வகை, எங்கே வைக்கிறீர், யாரிடம் ஒப்படைக்கிறீர் என்னும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பதிவு செய்தால், தண்டம் விதிக்குமுன் பேச்சு நடந்ததாகும். கௌடிலியர் தண்டத்தை எண்ணிலொரு பங்கிலிருந்து தொடங்கியதும் சிந்திக்கத்தக்கது. தாங்கத்தக்க சிறு தண்டமே நாள்தோறும் அறவிடத்தக்க தண்டம். பெருந்தண்டம் ஏட்டிலேயே கிடக்கும்.

பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் வர்த்தகர் சங்கங்களும் இவ்வூர்களிற் பெற்றுள்ள செல்வாக்கு எந்த வர்த்தமானிக்குங் குறைந்ததன்று. தனியொரு கடைக்காரர் செய்ய இயலாததைத் தெருவாகச் சேர்ந்து செய்யலாம். பத்துக் கடைகளுக்குப் பொதுவாக ஒரு சேகரிப்பிடம், அதற்கு ஒரு பொறுப்பாளர், அவருக்குக் கையுறையும் மூடுகாலணியும், நியாயமான கூலியும். இவ்வாறு அமையுமாயின் கலந்த குப்பையை வெறுங்கையாற் கிளறும் வேலை பெருமளவு இல்லாதொழியும்.

2023 ஒக்தோபர் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாத்திக்கு உறிஞ்சுகுழல், கரண்டி, கத்தி, கோப்பை, மாலை, இடியப்பத்தட்டு முதலியன விலக்கப்பட்டன. இடியப்பத்தட்டு விலக்கப்பட்டது கிழக்கிலங்கையில் ஒரு சிறு பூசலையாவது விளைத்திருக்கும். ஓலையாலும் பிரம்பாலும் செய்த தட்டுகள் இன்னும் சந்தையிற் கிடைப்பதால் அது அடங்கியிருக்கும். 2025 நவம்பர் 1 முதல் கடைகளிற் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தல் தடுக்கப்பட்டு, பையின் விலையைப் பற்றுச்சீட்டிற் காட்டல் வேண்டும் என்றாயிற்று. பைக்கு விலை என்று முதன்முதற் கேட்ட வாடிக்கையாளர் கடைக்காரரையே நொந்துகொள்வர். விதியை விளக்கும் வேலையும் அவர் தலையிலே விழுகிறது. பன்பாய் இழைக்கும் பெண்கள் இக்கரையூர்களில் இன்றும் உளர். அதே பன்னினாற் பையும் இழைக்கலாம். கடைவாயிலில் அதனை ஓர் ஆணியிற் கோத்துத் தொங்கவிட்டு, பொலித்தீன் பையின் விலையோடு அதன் விலையையும் ஒரே பலகையில் எழுதி வைப்பதற்குப் புதிய விதி எதுவும் வேண்டியதில்லை.